‘பாஸ்கல்’ என்னும் பெயரின் பொருள்: ஒரு திருத்தம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வாரம் ஓர் எழுத்தாக வெளிவரும் குழந்தைப் பெயர்ப் பகுதியை நான் விடாமல் படிப்பவன். அண்மையில் ‘பா’ எழுத்துக்கு வந்த பட்டியலில் ‘பாஸ்கல்’ என்னும் ஆண்பாற் பெயருக்குப் ‘பிரெஞ்சு அறிவியலாளர் ஒருவரின் பெயர், பொருள்: அழுத்தம்’ என்றும், ‘பாஸ்கலின்’ என்னும் பெண்பாற் பெயருக்குப் ‘பாஸ்கரன் என்பதன் பெண்பால், பொருள்: கதிரவன்’ என்றும் அச்சாகியிருந்தன. இரண்டுமே தவறானவை. இவற்றைத் திருத்தி வெளியிட வேண்டுகிறேன். திருத்தத்துக்கான காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுவதற்குப் பொறுத்தருள வேண்டும்.

இது வெறும் ஏட்டுப் பிழையாக நின்றிருந்தால் நானும் கடந்து போயிருப்பேன். ஆனால் என் தங்கை மகன், உயிர்ப்புப் பெருவிழா (ஈஸ்டர்) முடிந்த சில நாள்களில் பிறந்த தன் ஆண் குழந்தைக்கு அவனுடைய பாட்டனாரின் பெயரான பாஸ்கல் என்பதையே வைக்கலாம் என்றிருந்தவன், தங்கள் இணைப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, “பிள்ளைக்கு அழுத்தம்னு பேர் வைக்கச் சொல்றீங்களா மாமா?” என்று கேட்டான். பழைய பெயர்கள் வழக்கொழிவதற்கு ஆயிரம் காரணங்கள் உண்டு. தவறான பொருள் சொல்லி ஒன்றைக் கழித்துக்கட்டுவதும் அவற்றுள் ஒன்றாகிவிடக் கூடாது.

பாஸ்கல் என்பது இலத்தீன் மொழியின் ‘பாஸ்காலிஸ்’ என்னும் உரிச்சொல்லிலிருந்து வந்தது. பாஸ்கா என்பது ஒரு திருநாள். ‘பாஸ்காவுக்கு உரிய’ என்பது அந்த உரிச்சொல்லின் நேர்ப்பொருள். ஆளுக்குப் பெயராகும்போது ‘பாஸ்காவைச் சேர்ந்தவன், பாஸ்காக் காலத்தவன்’ என்று கொள்ள வேண்டும். மார்கழித் திருவாதிரையில் பிறந்தவளை ஆதிரை என்று அழைப்பதற்கும், ரமலான் மாதத்தில் பிறந்த பெண்ணுக்கு நம் இஸ்லாமியக் குடும்பங்களில் ரம்ஜான் பேகம் என்று பெயரிடுவதற்கும் நெருக்கமான வழக்கம் இது. குணத்தைச் சொல்லும் பெயரும் அன்று, உருவத்தைச் சொல்லும் பெயரும் அன்று. பிள்ளை எந்தத் திருக்காலத்தில் வந்தது என்பதைக் குறித்து வைக்கும் பெயர்.

‘பாஸ்கா’ என்னும் சொல் எபிரேய மொழியின் ‘பெசாக்’ என்பதிலிருந்து தொடங்குகிறது. எகிப்தில் அடிமைப்பட்டிருந்த இஸ்ரயேல் மக்கள் ஒரு வயது நிரம்பிய ஆட்டுக்குட்டியை அடித்து, அதன் இரத்தத்தை வாசல் நிலைக்கால்கள் இரண்டிலும் மேற்சட்டத்திலும் பூசி வைத்தார்கள் என்றும், தலைப்பிள்ளைகளைச் சாகடிக்க அந்த இரவில் வந்த அழிவு, இரத்தம் பூசிய வீடுகளைத் தொடாமல் கடந்துபோயிற்று என்றும் விவிலியத்தின் விடுதலைப் பயண நூல் 12ஆம் அதிகாரம் கூறுகிறது. அந்தக் ‘கடந்துபோதல்’தான் பெசாக். அது அரமேய மொழியில் ‘பஸ்கா’ ஆகி, அப்படியே கிரேக்கத்துக்கும் இலத்தீனுக்கும் போயிற்று. தமிழில் சீர்திருத்தச் சபையார் ‘பஸ்கா’ என்றும் கத்தோலிக்கர் ‘பாஸ்கா’ என்றும் எழுதுவது இதையே. இயேசுவின் சாவும் உயிர்ப்பும் யூதர்களின் இந்தப் பண்டிகையை ஒட்டி நிகழ்ந்தமையால், கிறிஸ்தவர்கள் தங்கள் உயிர்ப்புப் பெருவிழாவுக்கும் அந்தப் பெயரையே வைத்துக்கொண்டார்கள்.

இந்தச் சொல்லின் வேரைத் தவறாகக் காட்டிய முதல் ஏடு தங்களுடையது அன்று என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். இரண்டாம் நூற்றாண்டில் சர்தை நகர ஆயராக (பிஷப்பாக) இருந்த மெலித்தோ போன்ற கிரேக்கம் அறிந்த பெரியவர்களே, ‘துன்புறுதல்’ என்று பொருள்படும் ‘பாஸ்கெயின்’ என்னும் கிரேக்க வினையோடு இதை இணைத்துப் பேசினார்கள். ஒலி ஒத்துப்போயிற்று, கிறிஸ்துவின் பாடுகளோடு கருத்தும் ஒத்துப்போயிற்று. அதற்கு மேல் யார் ஆராயப் போகிறார்கள்? ஹிப்போ நகர ஆயர் அகுஸ்தீன்தான், சிலர் எண்ணுவதுபோல இது கிரேக்கச் சொல் அன்று, எபிரேயச் சொல், ‘கடத்தல்’ என்பதே இதன் பொருள் என்று யோவான் நற்செய்திக்கான தம் விரிவுரையில் தெளிவுபடுத்தினார். ஆனாலும் அந்தப் பழைய கலப்பின் நிழல் தமிழிலும் விழுந்திருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. போர்த்துக்கீசியரின் ‘பாஸ்க்கோவா’ நம் கடற்கரைக்கு வந்து ‘பாஸ்கு’ ஆனபோது, அது உயிர்ப்பு விழாவைக் குறிக்காமல், கிறிஸ்துவின் பாடுகளை நடித்துக் காட்டும் நாடகத்துக்கு அல்லவா பெயராயிற்று? தமிழகத்துக் கத்தோலிக்க ஊர்களில் விடிய விடிய நடக்கும் பாஸ்குவும், மன்னார்ப் பகுதியில் உருவங்களைக் கொண்டு நடத்தும் ‘உடக்குப் பாஸ்’ என்பதும் பாடுகளின் காட்சிகளே.

சொல்லின் கதை இவ்வளவு. அது எப்படிப் பிள்ளைப் பெயராயிற்று என்பது அதைவிடச் சுவையானது.

திருநாளின் பெயரைப் பிள்ளைக்கு வைக்கும் வழக்கம் கிறிஸ்தவத்துக்கு முந்தியது. விவிலியத்து இறைவாக்கினர் ஆகாயின் பெயர், எபிரேய மொழியில் பண்டிகையைக் குறிக்கும் சொல்லை அடியாகக் கொண்டது. யூதர்களிடையே பெசாக் என்பதே ஆண்பாற் பெயராக இன்றளவும் உண்டு. இந்த வழக்கத்துக்குத் தொடக்கக் கிறிஸ்தவர்களிடம் கூடுதல் காரணம் ஒன்று சேர்ந்தது. திருமுழுக்கு, அதாவது ஞானஸ்நானம், கொடுப்பதற்கு மிகச் சிறந்த நாள் பாஸ்காவே, அதற்கு அடுத்தது பாஸ்காவிலிருந்து ஐம்பதாம் நாளில் வரும் பெந்தகோஸ்து என்று கார்த்தேஜ் நகரத்துக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் ஏறத்தாழ கி.பி. 200ஆம் ஆண்டளவிலேயே எழுதியிருக்கிறார். நெடுநாள் ஆயத்தம் செய்து, பாஸ்கா இரவில் தண்ணீரில் இறங்கி எழுந்து, புது வாழ்வும் பெற்ற ஒருவருக்கு அந்த இரவின் பெயரே அமைவதில் வியப்பில்லை. பாஸ்காசியுஸ், பாஸ்காசினுஸ், பாஸ்காலிஸ் என்று பல வடிவங்களில் இந்தப் பெயர் ஐந்தாம் நூற்றாண்டிலிருந்து ஏடுகளில் வரத் தொடங்குகிறது.

அவர்களுள் ஒருவரைப் பற்றி மட்டும் சொல்ல இடம் தாருங்கள். இன்று மார்சாலா எனப்படும் சிசிலித் தீவின் லிலிபேயம் நகரில் ஆயராக இருந்தவர் பாஸ்காசினுஸ். 451இல் ஆயர்கள் கூடிய கல்செதோன் பொதுச்சங்கத்தில் திருத்தந்தை (போப்பாண்டவர்) முதலாம் லியோவின் பேராளராக இருந்தவர். 444ஆம் ஆண்டின் பாஸ்கா எந்த நாளில் வரும் என்பதில் உரோமையின் கணக்கும் அலெக்சாந்திரியாவின் கணக்கும் முரண்பட்டபோது, லியோ கருத்துக் கேட்டது இவரிடம்தான். பெயரிலேயே பாஸ்காவை வைத்திருந்தவரிடம் பாஸ்காவின் தேதியைக் கேட்டது தற்செயலே என்றாலும், அவர் எழுதிய மறுமொழி இன்றும் இருக்கிறது. அதில் அவர், தம் நாட்டின் மலைக்காட்டு ஊர் ஒன்றில் உள்ள சிறு கோவிலின் திருமுழுக்குத் தொட்டியில், ஆண்டுதோறும் பாஸ்கா இரவில் குழாயோ கால்வாயோ இல்லாமல் தானாகவே நீர் நிறையும் என்றும், 417இல் கணக்குத் தவறி மார்ச் 25ஆம் நாள் விழாக் கொண்டாடியபோது நீர் வராமல் போய், ஏப்ரல் 22ஆம் நாளை ஒட்டிய இரவில்தான் தொட்டி நிறைந்தது என்றும் எழுதுகிறார். கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். பாஸ்காவும் திருமுழுக்கும் அந்தக் காலத்து மக்கள் மனத்தில் எவ்வளவு பிரிக்க முடியாதபடி பிணைந்திருந்தன என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

பிணைப்பு இன்றும் அறுந்துவிடவில்லை. பாஸ்கா திருவிழிப்பு இரவில், குருவானவர் பெரிய பாஸ்கா திரியில் சிலுவைக் குறியும், கிரேக்க நெடுங்கணக்கின் முதல் எழுத்தும் கடை எழுத்தும், அந்த ஆண்டின் நான்கு இலக்கங்களும் கீறி, ஐந்து சாம்பிராணி மணிகளைப் பதித்து, புது நெருப்பிலிருந்து ஏற்றுவார். பெந்தகோஸ்து வரை பீடத்தருகே நிற்கும் அந்தத் திரி, அதன்பின் திருமுழுக்குத் தொட்டியின் பக்கத்துக்கு மாற்றப்படும். ஆவணியில் ஞானஸ்நானம் பெறும் பிள்ளையானாலும் தையில் பெறும் பிள்ளையானாலும், அதன் ஞானப் பெற்றோர் கையிலுள்ள மெழுகுதிரி அந்தப் பாஸ்கா திரியிலிருந்துதான் ஏற்றப்படுகிறது.

பெயரின் பயணத்தை இனி விரைந்து சொல்லிவிடலாம். இத்தாலியில் பாஸ்குவாலே, ஸ்பெயினில் பாஸ்குவால், போர்த்துக்கலில் பாஸ்க்குவால், பிரான்சில் பாஸ்கால், இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் பாஸ்கோ என்று அது ஊருக்கு ஊர் உருமாறியது. 817 முதல் 824 வரை திருத்தந்தையாக இருந்த முதலாம் பாஸ்காலின் உருவத்தை உரோமையின் புனித பிரசேதே கோவிலின் கற்பதிகை (மொசைக்) ஓவியத்தில் இன்றும் காணலாம். அவர் உயிரோடு இருந்தபோதே வரைந்தமையால் தலையைச் சுற்றியுள்ள ஒளிவட்டம் சதுரமாக இருக்கும். கோர்சிகாத் தீவின் விடுதலைத் தலைவர் பாஸ்குவாலே பவோலி பிறந்தது 1725 ஏப்ரல் 6ஆம் நாள். அந்த ஆண்டில் உயிர்ப்பு ஞாயிறு ஏப்ரல் 1 என்பதால், பாஸ்காவின் எண்கிழமைக்குள்ளேயே, அதாவது அந்த எட்டு நாள் கொண்டாட்டத்துக்குள்ளேயே, அவர் பிறந்திருக்கிறார்.

ஆனால் பாஸ்கல் என்று பெயர் கொண்டவர்கள் எல்லாரும் உயிர்ப்பு ஞாயிற்றில்தான் பிறந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டால் ஏமாந்து போவோம். ஸ்பானிய மொழியில் ‘பாஸ்குவா’ என்னும் சொல் கிறிஸ்து பிறப்பு, திருக்காட்சி, பெந்தகோஸ்து ஆகிய பெருவிழாக்களுக்கும் வழங்குகிறது. டிசம்பரில் அவர்கள் சொல்லும் வாழ்த்திலும் பாஸ்குவா உண்டு. 1540 மே 16இல் அரகோன் நாட்டின் தொர்ரெஎர்மோசா என்னும் ஊரில் ஓர் ஏழை வீட்டில் ஆண் குழந்தை பிறந்தபோது, அன்று பெந்தகோஸ்து ஞாயிறு என்பதால் பாஸ்குவால் என்று பெயரிட்டார்கள். ஆடு மேய்த்து வளர்ந்து, பிரான்சிஸ்கன் சபையில் துறவற சகோதரராகச் சேர்ந்து, மடத்து வாசலில் காவலிருந்து பிச்சை கேட்டு வந்தவர்களுக்கு உணவளித்த அவர், 1592 மே 17இல் இறந்தபோது அதுவும் ஒரு பெந்தகோஸ்து ஞாயிறாக அமைந்தது. 1690இல் புனிதர் பட்டம் பெற்ற இவரே புனித பாஸ்கல் பைலோன். திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1897இல் இவரை நற்கருணை மாநாடுகளின் பாதுகாவலராக அறிவித்தார். 1964இல் பம்பாயில் ஆறாம் பவுல் நேரில் வந்து கலந்துகொண்ட உலக நற்கருணை மாநாட்டுக்கும் பாதுகாவலர் இவர்தான்.

இவர் புனிதரானதோடு பெயருக்கு இரண்டாவது வாழ்வு கிடைத்தது. ஞானஸ்நானத்தில் புனிதர் ஒருவரின் பெயரையே வைக்க வேண்டும் என்று திருச்சபை வற்புறுத்திய காலத்தில், திருக்காலத்தின் பெயராக இருந்தது புனிதரின் பெயராகவும் ஆகிவிட்டமையால், பங்குக் குருவிடம் யாரும் விளக்கம் சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை. மே 17 அவருடைய திருநாள். அந்த நாள் பெரும்பாலும் பாஸ்காக் காலத்துக்குள்ளேயே விழுந்துவிடும் என்பதால், மே மாதத்தில் பிறந்த ஒரு பாஸ்கல், காலத்தைப் பார்த்து வைத்த பெயரா புனிதரைப் பார்த்து வைத்த பெயரா என்று பிரித்தறிவது கடினம். எங்கள் பங்கின் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டில், மங்கிய மையில் பாஸ்கல் என்று எழுதியிருக்கும் ஒரு வரிக்கு நேரே மே மாதத் தேதி இருப்பதைப் பார்த்து நானும் இந்தக் கேள்வியில்தான் நின்றேன்.

தமிழ் மண்ணுக்கு இந்தப் பெயர் வந்த வழிகள் இரண்டு. 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர் ஞானஸ்நானம் பெற்றபோது போர்த்துக்கீசியப் பெயர்கள் கூட்டமாக வந்து சேர்ந்தன. பெயரிடும்போது நாள்காட்டியைப் பார்ப்பது போர்த்துக்கீசியருக்குக் கைவந்த பழக்கம். 1500 ஏப்ரல் 22இல், உயிர்ப்பு ஞாயிறு கழிந்த மூன்றாம் நாள், போர்த்துக்கீசிய மாலுமி கப்ராலின் கப்பல்கள் பிரேசில் கரையில் முதன்முதலாகக் கண்ட மலைக்கு ‘பாஸ்க்குவால் மலை’ என்றே பெயர் வைத்தவர்கள் அவர்கள். இரண்டாவது வழி, புதுச்சேரியை நடுவாகக் கொண்டு உழைத்த பிரெஞ்சு மறைப்பணியாளர்கள். இன்று தமிழில் ‘பாஸ்கால்’, ‘பாஸ்கல்’ என்று நீட்டியும் குறுக்கியும் வழங்குவது பிரெஞ்சு ஒலிப்பை ஒட்டியது என்பது என் கணிப்பு. நம் முன்னோர் பேதுருவை இராயப்பர் ஆக்கினார்கள், பவுலைச் சின்னப்பர் ஆக்கினார்கள், யோவானை அருளப்பர் ஆக்கினார்கள், ஸ்தேவானை முடியப்பர் ஆக்கினார்கள். பாஸ்கலுக்கு மட்டும் அப்படி ஒரு தமிழ்க் கோலம் அமையாமல் போயிற்று. அப்படி ஒன்று அமைந்திருந்தால், பள்ளிக்கூட எழுத்தர்கள் அதைப் ‘பாஸ்கர்’ என்று திருத்தி எழுதியிருக்க மாட்டார்கள். தங்கள் பகுதியின் தொகுப்பாளருக்கும் கதிரவன் நினைவு வந்திருக்காது. பாஸ்கரன் என்பது ‘ஒளி செய்பவன்’ என்று பொருள்படும் வடசொல். அதற்கும் இதற்கும் ஓசையைத் தவிர வேறு உறவு இல்லை.

அறிவியலாளருக்கு வருகிறேன். பிளேஸ் பாஸ்கல் 1623 ஜூன் 19இல் பிரான்சின் கிளெர்மோன் நகரில் பிறந்தவர். பாஸ்கல் என்பது அவருடைய குடும்பப் பெயர். அவருடைய தந்தையார் எத்தியேன் பாஸ்கல். முன்னோருள் யாரோ ஒருவர் பாஸ்கல் என்று ஞானஸ்நானப் பெயர் பெற்றிருக்க, அது வழிவழியாகக் குடும்பத்துக்கு ஆகிவந்திருக்கும். ஐரோப்பியக் குடும்பப் பெயர்கள் பல இப்படித்தான் தோன்றின. காற்றின் அழுத்தம் உயரம் ஏற ஏறக் குறைகிறது என்பதை 1648இல் தம் மைத்துனரைக் கொண்டு ப்யூய் த தோம் மலைமீது பாதரசக் குழாயை ஏற்றுவித்து மெய்ப்பித்தவர் அவர் என்பதற்காக, எடைகள், அளவைகள் பற்றிய 14ஆவது பன்னாட்டு மாநாடு 1971இல் அழுத்தத்தின் அலகுக்கு அவருடைய பெயரைச் சூட்டியது. ஆக, பெயர் அலகுக்குப் போனதே தவிர, அலகின் பொருள் பெயருக்கு வரவில்லை. அப்படி வருமென்றால் நியூட்டன் என்பதற்கு ‘விசை’ என்றும் வாட் என்பதற்குத் ‘திறன்’ என்றும் பொருள் எழுத வேண்டியிருக்கும். அடிமைகளின் வாசல் நிலையில் பூசிய இரத்தத்தை நினைவூட்டும் சொல் ஒன்று, புயல் நாள்களில் வானிலை அறிக்கையில் ‘ஹெக்டோபாஸ்கல்’ ஆக வந்து நிற்பது விந்தைதான்.

வேறு சில பெயர்ப் புத்தகங்களில் பாஸ்கல் என்பதற்கு ‘ஆட்டுக்குட்டி’ என்றும் ‘உயிர்த்தெழுந்தவன்’ என்றும் பொருள் தந்திருக்கக் கண்டிருக்கிறேன். முதலாவது, பாஸ்கா ஆடு என்னும் தொடரில் ஆட்டை எடுத்துக்கொண்டு பாஸ்காவை விட்டுவிட்டதால் வந்தது. உயிர்ப்பைப் பெயரில் கொண்டிருப்பது அனஸ்தாசியா என்னும் கிரேக்கப் பெயர். அதைப் பாஸ்கலோடு குழப்ப வேண்டியதில்லை.

எந்தக் காலத்தில் பிறந்த பிள்ளைக்கு இந்தப் பெயர் பொருந்தும் என்று தெரிந்துகொள்ள விரும்பும் பெற்றோருக்காக ஒரு குறிப்பு. மார்ச் 21ஆம் நாளிலோ அதற்குப் பின்னரோ வரும் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறு உயிர்ப்புப் பெருவிழா. அது மார்ச் 22க்கு முன்னரும் வராது, ஏப்ரல் 25க்குப் பின்னரும் வராது. அதிலிருந்து பெந்தகோஸ்து வரையான 50 நாள்களும் பாஸ்காக் காலமே. ஆகையால் பங்குனியில் பிறந்த பிள்ளையும் பாஸ்கல் ஆகலாம், வைகாசியில் பிறந்த பிள்ளையும் ஆகலாம். 2026இல் ஏப்ரல் 5 முதல் மே 24 வரை இந்தக் காலம் அமைகிறது. முன்பு சொன்ன ஸ்பானிய வழக்கை எடுத்துக்கொண்டால் மார்கழிப் பிள்ளைக்கும் தடையில்லை.

எனவே தங்கள் பகுதியில், ‘பாஸ்கல்: பாஸ்காவுக்கு உரியவன், பாஸ்காக் காலத்தில் பிறந்தவன், எபிரேய வேர், இலத்தீன் வழி, பெண்பால் பாஸ்கலின்’ என்று திருத்தம் வெளியிட்டால் போதுமானது. பாஸ்கால், பஸ்கால், பாஸ்கல் என்னும் எழுத்து வடிவங்களில் எதை வைத்தாலும் தவறில்லை. பிறப்புச் சான்றிதழிலும் ஞானஸ்நானப் பதிவேட்டிலும் ஆதார் அட்டையிலும் அது ஒன்றுபோல இருக்கிறதா என்று மட்டும் பெற்றோர் பார்த்துக்கொள்ளட்டும். மேலும், இனி வரும் வாரங்களில் ‘ந’, ‘நோ’ எழுத்துகளை எடுக்கும்போது, நத்தாலியா, நோயல் ஆகிய இரண்டும் கிறிஸ்து பிறப்புக் காலத்துப் பெயர்கள் என்பதைத் தொகுப்பாளர் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன். நோயல் என்றால் ‘நோய் அல்லாதவன்’ என்று அச்சாகிவிடுமோ என்ற கவலை எனக்கு இப்போதே பிடித்துக்கொண்டது.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
திண்டுக்கல் மாவட்டம்